சிறை முடிந்த பிறகு: தண்டனை பெற்ற பிரபலங்கள் பழைய இடத்துக்குத் திரும்பலாமா?

2009 மக்களவைத் தேர்தலில் லக்னோ தொகுதிக்குச் சமாஜ்வாதி கட்சி அறிவித்த வேட்பாளர் இந்தி நடிகர் சஞ்சய் தத். 1993 மும்பை தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டாலும், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஆயுதச் சட்டத்தின் கீழ் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் அவருக்கு 2007இல் 6 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்திருந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் ஜாமீனில் வெளியே இருந்த அவர், தேர்தலில் நிற்பதற்கு வசதியாக அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். 2009 மார்ச் 31 அன்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவரால் வேட்புமனு போட முடியவில்லை. ஆனால் அதே மாதங்களில் அவர் படப்பிடிப்புத் தளங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அதை யாரும் தடுக்கவில்லை, தடுப்பதற்குச் சட்டத்தில் இடமும் இல்லை. பிறகு 2013இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை 5 ஆண்டாகக் குறைத்து உறுதிசெய்ய, அவர் மீதித் தண்டனையை அனுபவித்துவிட்டு 2016 பிப்ரவரி 25 அன்று புனேயின் எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார். அடுத்த ஆண்டே அவர் கதாநாயகனாக நடித்த படம் திரைக்கு வந்தது. 2023இல் ஒரு பெரிய தமிழ்ப் படத்தில் வில்லனாகவும் நடித்தார்.

மனிதர் ஒருவர்தான், குற்றமும் ஒன்றுதான். அவர் நடிக்கலாம், நாடாளுமன்றத்துக்கு நிற்கக்கூடாது என்று சட்டம் ஏன் பிரித்துப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், தண்டனை பெற்ற பிரபலங்கள் தங்கள் தொழிலுக்குத் திரும்பலாமா என்ற விவாதத்தில் பாதி தெளிந்துவிடும். இந்த விவாதம் வழக்கமாக இரண்டு வாக்கியங்களில் சிக்கிக்கொள்கிறது. "தண்டனையைத்தான் அனுபவித்துவிட்டாரே, இன்னும் என்ன?" என்கிறது ஒரு தரப்பு. "குற்றவாளிக்கு மேடையா?" என்கிறது இன்னொரு தரப்பு. எந்த மேடை என்று இரு தரப்பும் கேட்பதில்லை.

தண்டனை வேறு, தகுதியிழப்பு வேறு

குற்றவியல் நீதிமன்றம் ஒருவருக்குச் சிறையோ அபராதமோ விதிப்பது தண்டனை. அது செய்த குற்றத்துக்கான விலை. செலுத்தி முடித்தால் கணக்கு தீர்ந்தது. தகுதியிழப்பு என்பது அப்படிப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட பொறுப்பை வகிப்பதற்கு இன்னின்ன நிபந்தனைகள் உண்டு என்று அந்தப் பொறுப்பைப் பற்றிய சட்டம் சொல்கிறது. குற்றத்தீர்ப்பு அந்த நிபந்தனைகளில் ஒன்றை முறித்துவிடுகிறது. வயது 25 நிறையாதவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்க முடியாது என்பதை அவருக்கான தண்டனையாக நாம் கருதுவதில்லை அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும் என்பது சட்டத்தின் பார்வை.

கடைத்தெருவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். கல்லாவில் கைவைத்துப் பிடிபட்ட ஒருவர் சிறை சென்று திரும்புகிறார். அதே கடைக்காரர் அவரை அதே கல்லாவில் மறுபடி உட்காரவைக்கவில்லை என்றால், அது இரண்டாவது தண்டனை என்று யாரும் வழக்காட மாட்டார்கள். ஆனால் அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் எந்த வேலைக்கும், மூட்டை தூக்கக்கூட, அவரைச் சேர்க்கக்கூடாது என்று ஊரே கூடி முடிவெடுத்தால் அது தண்டனைதான். அதுவும் எந்த நீதிமன்றமும் விதிக்காத, முடிவுத் தேதி இல்லாத தண்டனை. பிரபலங்களைப் பற்றிய விவாதத்தில் இந்த இரண்டும் ஓயாமல் ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன.

இந்தியச் சட்டங்கள் கல்லாவுக்குக் கல்லா வேறு வேறு காலக்கணக்கை வைத்திருக்கின்றன. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரை வழக்கறிஞராகப் பதிவுசெய்ய முடியாது. ஆனால் விடுதலையாகி 2 ஆண்டுகள் கழிந்தால் அந்தத் தடை நீங்கும் என்கிறது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து 5 ஆண்டுகள் ஆகும்வரை ஒரு நிறுவனத்தின் இயக்குநராக முடியாது என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு விடுதலைக்குப் பின் 6 ஆண்டுகள். அரசு ஊழியர் நிலைமை இன்னும் கடினமானது: குற்றத்தீர்ப்புக்குக் காரணமான நடத்தைக்காகத் துறை விசாரணையே இல்லாமல் அவரைப் பணிநீக்கம் செய்ய அரசியலமைப்புச் சட்டத்தின் 311ஆவது உறுப்பு அனுமதிக்கிறது, அப்படிப் போன வேலை 6 ஆண்டு கழித்துத் திரும்பி வருவதில்லை. நடிகர், பாடகர், எழுத்தாளர் ஆகியோருக்கு இப்படி ஒரு சட்டமும் கிடையாது, இருக்கவும் கூடாது. அவர்கள் கையில் அரசு முத்திரையோ பொதுப்பணமோ இல்லை. பார்க்க விருப்பமில்லாதவர் டிக்கெட் வாங்காமல் இருந்துவிடலாம்.

ஆறு ஆண்டுக் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

அரசியல்வாதிகளைப் பொறுத்தவரை அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், அதிலும் அதன் 8ஆவது பிரிவு. இப்பிரிவு குற்றங்களை வகைப்படுத்துகிறது. முதல் வகைப் பட்டியலில் உள்ள குற்றங்களுக்கு, எடுத்துக்காட்டாக ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கு, தண்டனையின் அளவு பொருட்டல்ல. வெறும் அபராதமாக இருந்தாலும் தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டுகள் தகுதி போய்விடும், சிறையாக இருந்தால் தீர்ப்பு நாளில் தொடங்கி விடுதலைக்குப் பிறகும் 6 ஆண்டுகள் நீளும். பதுக்கல், கலப்படம், வரதட்சணை போன்றவற்றில் 6 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால் இதே விளைவு. மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் குறைந்தது 2 ஆண்டுச் சிறை என்பது எல்லைக்கோடு.

தமிழ்நாட்டு வாசகருக்கு நன்கு தெரிந்த வழக்கில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றம் விதித்த 4 ஆண்டுத் தண்டனையை 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மறுநாள் பரப்பன அக்ரஹாரா சிறைக்குச் சென்ற வி.கே. சசிகலா 2021 ஜனவரி 27 அன்று விடுதலையானார். அவருக்கு ஆறு ஆண்டுக் கணக்கு தொடங்குவது விடுதலை நாளில். முடிவது 2027 ஜனவரியில். ஆகவே 2021, 2026 ஆகிய இரண்டு சட்டமன்றத் தேர்தல்களும் அந்தத் தடைக்குள் விழுகின்றன. சட்டமன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு என்பதால், 6 ஆண்டுத் தடை எப்படிப் பார்த்தாலும் குறைந்தது ஒரு பொதுத்தேர்தலையாவது தவறவிடச் செய்யும். அந்த எண்ணுக்கு நான் காணும் நியாயம் அதுதான். மற்றபடி 6 என்பதற்குப் பதில் 8 என்றோ 4 என்றோ வைத்திருந்தாலும் சட்டம் குலைந்துபோயிருக்காது.

எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ராகுல் காந்தியின் அவதூறு வழக்கு நல்ல பாடம். 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் அவருக்குச் சரியாக 2 ஆண்டுச் சிறை விதித்தது. அவதூறுக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அளவும் அதுதான். மறுநாளே மக்களவை உறுப்பினர் பதவி போயிற்று. ஆகஸ்ட் 4 அன்று குற்றத்தீர்ப்பை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், தண்டனை ஒரு நாள் குறைவாக இருந்திருந்தால்கூடத் தகுதியிழப்பு நேர்ந்திருக்காது என்பதைச் சுட்டிக்காட்டியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்டனை பெற்ற உறுப்பினர்கள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவியில் தொடரலாம் என்றிருந்த பாதுகாப்பை 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதை முறியடிக்க மன்மோகன் சிங் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர முயன்றபோது, அதைக் கிழித்தெறிய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி அந்த முயற்சியைக் கைவிடச் செய்தவர் இதே ராகுல் காந்திதான்.

தீர்ப்புக்கு முந்தைய நிலையையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் பலரும் இதில் தடுமாறுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக் கைதியாகச் சிறையில் இருப்பவருக்கு இந்தத் தடை எதுவும் பொருந்தாது. தீர்ப்பு வராதவரை அவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அல்லர். 2024 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் கடூர் சாகிப், காஷ்மீரின் பாரமுல்லா ஆகிய இரு தொகுதிகளிலும் வென்றவர்கள் சிறைக்குள் இருந்தவர்களே. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு சிறையில் இருப்பவர் வாக்களிக்கக்கூடாது என்கிறது. வாக்களிக்க முடியாதவர் வாக்குக் கேட்கலாம்!

சிலருக்கு மட்டும் அகப்படும் வழிகள்

சட்டத்தின் எழுத்தைவிட அதிலிருந்து வெளியேறும் வழிகளில்தான் உண்மையான சண்டை நடக்கிறது. முதல் வழி, குற்றத்தீர்ப்பை நிறுத்திவைக்கக் கோருவது. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைத்தால் ஜாமீன் கிடைக்கும், சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் குற்றவாளி என்ற முடிவு அப்படியே இருக்கும், தகுதியிழப்பும் இருக்கும். குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்தால் மட்டுமே தகுதி திரும்பும்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு 2001இல் நேரடியாகக் கற்றது. அரசு நிறுவனமான டான்சியின் நிலம் தொடர்பான வழக்கில் 2000 அக்டோபரில் தண்டிக்கப்பட்ட ஜெயலலிதாவுக்குத் தண்டனை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் 4 தொகுதிகளில் தாக்கல் செய்த மனுக்களும் தள்ளுபடியாயின. ஆனால் அவர் கட்சி வென்றது, உறுப்பினராக இல்லாதவர் 6 மாதம்வரை அமைச்சராக இருக்கலாம் என்ற விதியைக் கொண்டு 2001 மே 14 அன்று அவர் முதலமைச்சராகப் பதவியேற்றார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. மக்கள் தீர்ப்பு இருக்கிறதே என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை: மக்களின் விருப்பம் அரசியலமைப்புச் சட்டத்துக்கு இசைந்து இருக்கும்போதுதான் செல்லுபடியாகும், உறுப்பினராகத் தகுதி இல்லாதவர் 6 மாத விதியைப் பயன்படுத்தி உள்ளே வர முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது, 2002 மார்ச்சில் அவர் மறுபடி முதலமைச்சரானார். விடுவிக்கப்பட்டவர் திரும்பி வருவதில் எந்தச் சிக்கலும் இல்லை என்பதையும் இதே வழக்கு காட்டுகிறது.

குற்றத்தீர்ப்பை நிறுத்திவைப்பது அரிதினும் அரிதாகச் செய்யவேண்டியது என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் மனுதாரர் அரசியல்வாதியாக இருக்கும்போது, தேர்தல் நெருங்குகிறது, தொகுதி பிரதிநிதி இல்லாமல் கிடக்கிறது என்ற காரணங்கள் எடைபோடப்படுகின்றன. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு செய்தால், அவருடைய கிராமம் அலுவலர் இல்லாமல் கிடக்கிறது என்று அவர் வாதாட முடியுமா? மேல்முறையீடு நடக்கும்போதே அவர் வேலை போயிருக்கும். சொத்துக் குவிப்பு வழக்கில் 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் 3 ஆண்டுத் தண்டனை பெற்ற அப்போதைய அமைச்சர் க. பொன்முடிக்கு 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பதவிப் பிரமாணம் செய்துவைக்க ஆளுநர் மறுத்து, நீதிமன்றத்தின் கண்டனத்துக்குப் பிறகு இணங்க, மார்ச் 22 அன்று அவர் மறுபடி அமைச்சரானார். மூன்று மாதங்களில் எல்லாம் முடிந்தது. நிறுத்திவைத்தது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அந்த வேகம் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது வழி குறைவாகவே பேசப்படுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, தகுதியிழப்புக் காலத்தைக் குறைக்கவோ நீக்கவோ தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. காரணங்களைப் பதிவுசெய்தால் போதும். சிக்கிம் அரசியல்வாதி பிரேம் சிங் தமாங், 1990களில் அமைச்சராக இருந்தபோது மாடு வழங்கும் திட்டத்தில் நடந்த முறைகேட்டுக்காக 2016இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2018 ஆகஸ்டில் விடுதலையானார். கணக்குப்படி அவருக்கு 2024 ஆகஸ்டுவரை தடை. அவரோ 2019 மே மாதம் முதலமைச்சராகப் பதவியேற்றார். (ஜெயலலிதா வழக்கின் தீர்ப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே புருவம் உயர்த்துவது நியாயமே.) செப்டம்பரில் தேர்தல் ஆணையம் அவருடைய 6 ஆண்டுத் தடையை 1 ஆண்டு 1 மாதமாகக் குறைத்தது, அடுத்த மாதம் நடந்த இடைத்தேர்தலில் நின்று வென்றார். குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த வகைக் குற்றத்துக்கு எவ்வளவு குறைக்கலாம் என்ற அளவுகோல் ஒன்று முன்கூட்டியே வகுக்கப்படாத இடத்தில், பதவியில் ஏற்கெனவே அமர்ந்துவிட்டவருக்கு அதிலேயே தொடர வசதியாகத் தடை குறைக்கப்பட்டால், அது திருந்தியவருக்குக் கிடைத்த வாய்ப்பாகத் தோன்றுவதில்லை.

ரசிகர்களின் தீர்ப்பு

சட்டம் தலையிடாத துறைகளில் முடிவெடுப்பது மக்கள்தான். அவர்கள் நீதிமன்றம் போல நடந்துகொள்வதில்லை. இதற்குத் தமிழ்த் திரையுலகின் பழைய எடுத்துக்காட்டை விட்டால் வேறு இல்லை. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டார்கள். இருவருக்கும் ஒரே வழக்கு, ஏறத்தாழ ஒரே சிறைக்காலம், ஒரே நாளில் விடுதலை. கிருஷ்ணன் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, 1957இல் மறையும்வரை தேவைப்படும் கலைஞராகவே இருந்தார். கைதாவதற்கு முன் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டு ஓடிய புகழில் இருந்த பாகவதருக்கோ, விடுதலைக்குப் பின் அந்த வரவேற்பு திரும்பவே இல்லை.

ரசிகர்கள் பாகவதரைத் தண்டித்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மையாக இருக்க முடியாது, தண்டிக்க நினைத்திருந்தால் கிருஷ்ணனையும் தண்டித்திருப்பார்கள். அந்த இரண்டரை ஆண்டுகளில் படங்களின் போக்கு பாட்டிலிருந்து வசனத்துக்கு நகரத் தொடங்கியிருந்தது. பாடி நடிக்கும் நாயகனின் இடம் சுருங்கிக்கொண்டிருந்தது. சிறை ஒரு கலைஞரிடமிருந்து பறிப்பது நற்பெயரை மட்டுமல்ல, காலத்தையும்தான் என்பது இந்த இருவர் கதையில் தெரிகிறது. குற்றமற்றவர் என்ற தீர்ப்பே ஒருவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்றால், குற்றம் உறுதியானவர்களை ரசிகர்கள் சில நேரம் கைதட்டி வரவேற்பதை எந்த அறத்தைக் கொண்டு விளக்குவது? ரசிகர்கள் தருவது நற்சான்றிதழ் அன்று. ஒரு கலைஞர் வேண்டும், வேண்டாம் என்ற விருப்பம் மட்டுமே.

முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் வரலாறு இரண்டு உலகங்களிலும் கால்வைத்தது. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் சாலைத் தகராறில் தாக்கப்பட்ட முதியவர் ஒருவர் இறந்தார். அந்த வழக்கு விடுதலை, தண்டனை, நிறுத்திவைப்பு, வெறும் 1,000 ரூபாய் அபராதம் என்று பல படிகளைக் கடந்து, மறுஆய்வு மனுவில் 2022 மே 19 அன்று ஓராண்டுக் கடுங்காவலில் முடிந்தது. 2023 ஏப்ரல் 1 அன்று வெளியே வந்த சித்து, அடுத்த ஆண்டு ஐபிஎல் வர்ணனையாளர் இருக்கையில் இருந்தார். தண்டனை 2 ஆண்டுக்குக் குறைவு என்பதால் தேர்தலில் நிற்பதற்கும் அவருக்குத் தடை இல்லை. அவர் வர்ணனை செய்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அந்தக் குற்றத்துக்கும் ஒலிவாங்கிக்கும் தொடர்பில்லை. இறந்தவரின் குடும்பம் அந்தக் குரலைத் தொலைக்காட்சியில் தினமும் கேட்க நேர்வது எப்படியிருக்கும் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. சாதாரணக் கைதி திரும்பி வரும்போது ஊரில் ஒரு தெருவுக்குத் திரும்புகிறார். பிரபலம் திரும்பும்போது எல்லோர் வீட்டுக் கூடத்துக்கும் திரும்புகிறார்.

தொழிலே குற்றக் கருவியானபோது

மிகக் கடினமான நிலைமை, குற்றம் தொழிலுக்கு வெளியே நடக்காமல் தொழிலைக் கொண்டே நடந்திருக்கும்போது எழுகிறது. 2010 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த டெஸ்ட்டில், பணத்துக்காக முன்கூட்டியே பேசிவைத்த நேரத்தில் நோ-பால் வீசியதாகப் பாகிஸ்தான் அணியின் தலைவர் சல்மான் பட், பந்துவீச்சாளர்கள் முகமது ஆசிஃப், முகமது ஆமிர் ஆகியோர் சிக்கினார்கள். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தீர்ப்பாயம் மூவரும் குறைந்தது 5 ஆண்டு ஆடக்கூடாது என்றது. லண்டன் நீதிமன்றம் 2011 நவம்பரில் பட்டுக்கு 30 மாதம், ஆசிஃபுக்கு 12 மாதம், ஆமிருக்கு 6 மாதம் சிறை விதித்தது. குற்றம் நடந்தபோது ஆமிருக்கு 18 வயது. அவர் விசாரணைக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இங்கே கல்லா எடுத்துக்காட்டு அப்படியே பொருந்துகிறது: பந்தைக் கொண்டு ஏமாற்றியவர் கையில் பந்தைத் திருப்பித் தருவதா என்ற கேள்வி. 2015 டிசம்பரில் ஆமிரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தபோது முகமது ஹஃபீஸும் அசார் அலியும் அங்கே வர மறுத்தார்கள்; பின்னர் இணங்கினார்கள். 2016 ஜூலையில் ஆமிர் டெஸ்ட் போட்டிக்குத் திரும்பியது அதே லார்ட்ஸ் மைதானத்தில். 2017 ஜூன் 18 அன்று சாம்பியன்ஸ் டிராஃபி இறுதிப் போட்டியில் ரோகித் சர்மா, விராட் கோலி, ஷிகர் தவன் மூவரையும் அவர் அடுத்தடுத்து வெளியேற்றியது இந்திய ரசிகர்களுக்கு மறந்திருக்காது. தலைவராக இருந்து இளையவரை அதில் இழுத்த பட்டுக்கு இந்த வாழ்வு அமையவில்லை. அவரும் ஆசிஃபும் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடினார்கள், தேசிய அணிக்குத் திரும்பவில்லை. 2023 டிசம்பரில் தேர்வுக் குழுத் தலைவரின் ஆலோசகராகப் பட் நியமிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில், ஒரே நாளில் அந்த நியமனம் திரும்பப் பெறப்பட்டது.

ஆமிரின் திரும்புதல் சரி என்பதும், பட்டின் நியமனம் தவறு என்பதும் என் கருத்து. வயது, ஒப்புதல், குற்றத்தில் வகித்த பங்கு ஆகிய மூன்றும் இருவருக்கும் வேறுபடுகின்றன. அதற்கும் மேலாக, ஆமிர் கேட்டது ஆடும் இடத்தை, பட்டுக்குக் கொடுக்கப்பட்டதோ பிறரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கை. தன் உழைப்பை மட்டும் கொடுத்துக் கூலி பெறும் இடத்துக்குத் திரும்புவதும், பிறர் மீது அதிகாரம் செலுத்தும் இடத்துக்குத் திரும்புவதும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையல்ல.

இந்தத் தராசை அரசியலுக்குக் கொண்டுவந்தால், தண்டனை பெற்றவர்களுக்கு வாழ்நாள் முழுதும் தடை வேண்டும் என்று கோரும் பொதுநல வழக்கைப் பார்க்க வேண்டும். தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர் நிரந்தரமாக வேலை இழக்கும்போது, சட்டம் இயற்றுபவருக்கு மட்டும் 6 ஆண்டு என்பது சமமா என்பது மனுதாரரின் வாதம். 2025 பிப்ரவரியில் மத்திய அரசு பதில் அளித்தபோது, வாழ்நாள் தடை கடுமையானது, காலவரையறையைத் தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. வாழ்நாள் தடையை என்னாலும் ஆதரிக்க முடியவில்லை. போராட்டக் களத்தில் பதிவான ஒரு வழக்கில் 2 ஆண்டுத் தண்டனை பெற்றவரையும், அரசுக் கருவூலத்தைச் சுரண்டியவரையும் அது ஒரே கூண்டில் அடைக்கும். எதிர்க்கட்சிக்காரர்மீது பழைய வழக்கொன்றைத் தூசி தட்டினால் போதும் என்ற ஆசையையும் ஆட்சியாளர்களுக்கு ஊட்டும். ஆனால் இப்போதைய ஆறு ஆண்டுத் தடையும் அந்த இருவரையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. தன் பதவியைக் கொண்டே குற்றம் செய்தவருக்கு நீண்ட தடை, தொடர்பற்ற குற்றத்துக்குக் குறுகிய தடை என்று படிநிலை வைப்பதில் சட்ட நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. நிறுவனச் சட்டம் அப்படி ஒரு படியை ஏற்கெனவே வைத்திருக்கிறது: 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் எந்த நிறுவனத்திலும் எக்காலத்திலும் இயக்குநராக முடியாது.

இன்னோர் ஓட்டையும் இருக்கிறது. இத்தனை பிரிவுகளும் தேர்தலில் நிற்பதைப் பற்றியவை. கட்சி நடத்துவதைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. கால்நடைத் தீவன ஊழல் வழக்கில் 2013இல் 5 ஆண்டுத் தண்டனை பெற்று மக்களவை உறுப்பினர் பதவியை இழந்த லாலு பிரசாத், அதன் பிறகும் ராஷ்ட்ரிய ஜனதா தளத்தின் தலைவராகவே தொடர்ந்தார். வேட்பாளராகத் தகுதி இல்லாத ஒருவர், தம் கட்சியின் வேட்பாளர்கள் யார் என்பதைத் தீர்மானிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.